சிவப்பும் நீலமும் பொருந்தாத இடம்

"தங்கச்சி, இந்த இடத்துக்குக் கல்லு இல்ல."

மேசன் நானா இப்படிச் சொன்னபோது கல் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விறாந்தையின் ஓரத்தில் வெட்டி அடுக்கியிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தேன். நூறுக்குக் குறையாமல் கிடந்தன.

"இவ்வளவு கிடக்குதே நானா?"

"கிடக்குதுதான். ஆனா இந்தக் குழிக்குள்ள எத வெச்சாலும் சரிவருதில்ல. தடிச்சத வெச்சா சிவப்புக்கு நீலம் வருது. மெலிஞ்சத வெச்சா வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. நீங்களே வந்து பாருங்க."

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி குனிந்து பார்த்தேன். விறாந்தையிலிருந்து மண்டபத்துக்குள் கால் வைக்கிற இடத்தில், கதவு நிலைக்கு ஒரு முழம் முன்னால், வெறும் சீமெந்து தெரிய ஒரு குழி. சுற்றிவர எல்லாக் கல்லும் ஒன்றோடொன்று ஒழுங்காக ஒட்டி நின்றன. நடுவில் இந்த ஒரு இடம் மட்டும் எதையும் ஏற்க மறுத்தது.

இரண்டு நாளைக்கு முன் நான் நானாவிடம் தனியாக ஒரு விஷயம் கேட்டிருந்தேன். அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்வதற்கு அந்தத் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

லிங்கநகரில் எங்கள் வீடு, சீமெந்து கிடைக்காத காலத்தில் சுவர் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளில் ஒன்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூரை போட்டு, பூசி, கதவு வைத்து, கடைசியில் தரைக்கு வந்திருந்தோம். குடிபூரலுக்கு, புது வீட்டில் பால் பொங்கிக் குடிபுக, நாளும் வைத்தாயிற்று. அதுவரை இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் மாமியும் இருந்தோம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. நான் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் பௌதிகமும். மேசையில் இருப்பது ஆடு வளர்ப்புத் திட்டத்தின் கோப்புகள்.

விறாந்தைக்கு என்ன டைல்ஸ் போடுவது என்று போனில் படங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் அந்தக் கோலத்தைக் கண்டேன். இரண்டே இரண்டு வடிவம். இரண்டும் சாய்சதுரம், ஒன்று தடித்தது, மற்றது மெலிந்தது. எல்லாப் பக்கமும் ஒரே நீளம். இவற்றை ஒரு விதிப்படி அடுக்கினால் எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி இல்லாமல் நிரப்பலாம். ஆனால் அந்தக் கோலம் ஒருபோதும் திரும்ப வராது என்று எழுதியிருந்தது. சாதாரணத் தரையில் நாலு கல்லைப் பார்த்தால் மீதியைச் சொல்லிவிடலாம். இதில் அப்படி ஏலாது. அங்கங்கே ஐந்து மூலை நட்சத்திரங்கள் பூத்திருக்கும். ஆனால் அடுத்த நட்சத்திரம் எத்தனை கல் தள்ளி வரும் என்பதற்கு ஒரே கணக்கு இல்லை.

அழகாக இருக்கிறது என்று மேலும் வாசித்தேன். வாசித்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பாடசாலையில் சீனக்காரத்தைச் சுடுநீரில் கரைத்து, அதற்குள் நூலில் ஒரு சிறு துண்டைக் கட்டித் தொங்கவிட்டது நினைவிருக்கிறது. இந்தியாவில் அதைப் படிகாரம் என்பார்கள். ஒரு கிழமையில் சீவி வைத்தது போன்ற முகங்களோடு அது பெரிய பளிங்காக வளர்ந்திருந்தது. உள்ளே அணுக்கள் தரைக் கல்லைப் போல ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளியே இந்த முகங்கள் என்று சொல்லித் தந்தார்கள். பல்கலைக்கழகத்தில் அதையே கணக்காகச் செய்தோம். ஒரு பளிங்கை அரைவட்டம் சுழற்றினால் பழையபடி தெரியலாம், மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஆறில் ஒன்று சுழற்றினாலும் தெரியலாம். ஐந்தில் ஒன்று ஏலாது. சம ஐங்கோணங்களால் ஒரு தரையை நிரப்பிப் பாருங்கள், இடையில் பிளவு விழும். பளிங்கில் ஐந்து மடிச் சமச்சீர் இருக்க முடியாது என்று நிறுவச் சொல்லி இறுதிப் பரீட்சையில் கேள்வி வந்தது. நிறுவினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது.

நான் பிறப்பதற்கு முன்பே அப்படியான ஒரு பளிங்கு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

ஓர் உலோகக் கலவையை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஒருவருக்குப் புள்ளிகள் பத்துப் பத்தாக வட்டம் கட்டித் தெரிந்திருக்கின்றன. பத்தில் ஒன்று சுழற்சியும் ஐந்தில் ஒன்றைப் போலவே ஏலாதது என்பதால், அவர் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார். மற்றவர்கள் நம்பவில்லை. அவருக்கு மேலே இருந்தவர் ஒரு பாடநூலைக் கொண்டுவந்து கொடுத்து, இதை வாசி என்றாராம். பிறகுதான் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்: அணுக்கள் ஒழுங்காகத்தான் நிற்கின்றன, ஆனால் அந்த ஒழுங்கு திரும்ப வரவில்லை, நான் போனில் பார்த்த இந்தத் தரையைப் போல. என்னுடைய நிறுவலில் பிழை இல்லை. திரும்ப வருவதுதான் பளிங்கு என்று முதல் வரியில் எடுத்துக்கொண்டதே, அங்கேதான் கதவு பூட்டியிருந்தது. அந்த முதல் வரியை நான் ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று வீதி முனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். பிள்ளையின் மருந்துப் போத்தலில் உள்ள அளவை மூன்று தரம் வாசிக்கிறவள். பாடநூலில் அச்சடித்திருந்ததால் இதை மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இந்தத் தரைதான் வேண்டும் என்று அன்றைக்கே கணவரிடம் சொன்னேன்.

"எங்கட மேசன்மார் இதைச் செய்வினமே?" என்று கேட்டார்.

மேசன் நானா, கல் ஒட்டுகிற கொத்தனார், மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்; முஸ்லிம் என்பதால் அண்ணன் என்பதற்கு நானா என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூட்டு மூட்டாகக் கல் ஒட்டும்போது வாயில் ஒரு பென்சில் இருக்கும். படத்தைக் காட்டியதும் சிரித்தார்.

"இதக் கீறினவருக்கு வேற வேல இல்லயா தங்கச்சி?"

"செய்ய ஏலுமா நானா?"

"கல்ல வெட்டலாம். தகரத்துல ரெண்டு அச்சு எடுத்தாப் போதும். ஆனா நான் பேப்பரப் பாத்துக் கல்லு வெக்கிற ஆள் இல்ல. பேப்பர் காத்துக்குப் பறக்கும், தண்ணி பட்டா ஊறும். வெக்கிற ஒழுங்கக் கல்லுலயே எழுதித் தாங்க. கல்லப் பாத்துக் கல்லு வெக்கிறன்."

அது எனக்குச் சரியாகவே பட்டது. விதியும் அப்படித்தான் இருந்தது: ஒவ்வொரு சாய்சதுரத்தின் பக்கங்களுக்கும் இரண்டு வகை அம்புக்குறி, ஒரே வகை ஒரே வகையோடு, ஒரே திசையில் சேர வேண்டும். வாசல் படலைக்கு வாங்கிய சிவப்பு வர்ணத்தில் மீதி இருந்தது, யன்னலுக்கு வாங்கிய நீலத்திலும் இருந்தது. நானா வெட்டி அடுக்கிய ஐந்நூறு கல்லின் விளிம்புகளிலும் அலுவலகம் முடிந்து வந்து, ஆறு பின்னேரம் இருந்து அம்பு போட்டேன். கல் ஒட்டியதும் அம்பு உள்ளே மறைந்துவிடும். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். இதைவிட இலகுவான விதி இருக்க முடியாது என்று நினைத்தேன். பிள்ளைகூடச் சொல்லப் பழகிவிட்டாள். நானா ஒரு கல்லை எடுத்ததும், "செவப்புக்குச் செவப்பு மாமா!" என்று கத்துவாள்.

"மேற்பார்வை பலமா இரிக்கி" என்பார் நானா.

கல் ஒட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் பக்கத்து வளவு அக்கா வந்து பார்த்தார். பாதித் தரை முடிந்திருந்தது. "அம்மாடி, இப்பிடி ஒரு தரை நான் எங்கயும் காணேல்ல. உங்கட மகளும் அதுக்குமேல ராசாத்தி மாதிரி நிக்கிறா" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் பிள்ளை சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள், காய்ச்சலும் வந்தது. அடுத்த நாள் இரத்தம் சோதித்தோம். டெங்கு இல்லை, சாதாரண காய்ச்சல் என்றார்கள். ஆனால் அந்த முடிவு வருவதற்கு முன் மாமி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னனான், முடியும்வரைக்கும் விறாந்தைய மூடி வையெண்டு. நல்லா இருக்கிற ஒண்டில ஒரு குறை விட வேணும் பிள்ளை. எங்கட அப்பு வீடு கட்டேக்க வாசல்ல ஒரு கல்லை மாத்தித்தான் வைப்பிச்சவர்."

"அதெல்லாம் இல்லை மாமி" என்று சொன்னேன். சொன்ன வாயோடுதான், இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போகிற வழியில் புது வீட்டுக்குப் போனேன்.

"நானா, ஒரு கல்லை மட்டும் திருப்பி வைக்க ஏலுமா?"

"திருப்பியெண்டா?"

"தலைமாடு கால்மாடு மாத்தி. அதே இடத்தில பொருந்தும். நிறம் மட்டும் மாறும். மேல இருந்து பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. இந்தத் தூணடிக் கல்லு. அதுக்குப் பிறகு அதின்ர நிறத்தைப் பாத்தே போங்கோ."

நானா பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "கண்ணூறுக்கா?"

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. "ஓம். அவருக்குச் சொல்லாதயுங்கோ."

நானா தலையாட்டினார். நான் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழி.

குழியைக் கண்ட அன்று கணவரும் வேலை முடிந்து நேரே அங்கே வந்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன நானா இது? கதவடியில இப்பிடி ஒரு ஓட்டையை வைச்சுக்கொண்டு குடிபூர ஏலுமா?"

"அதத்தான் தம்பி நானும் பாக்கிற. ரெண்டு மணித்தியாலமா மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துட்டன்."

"அவ ஆறு நாள் இருந்து நிறம் பூசித் தந்தவ. அதைப் பாத்து வைக்கிறதில என்ன கஷ்டம்?"

"பாத்துத்தான் வெச்ச."

"பாத்து வைச்சா எப்பிடி இது வரும்? கணக்குப் படிச்ச ஆள் போட்ட ஒழுங்கு நானா, அது பிழைக்காது. வைச்ச கைதான் எங்கயோ பிழைச்சிருக்கு."

நானா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் பிள்ளையின் தலையில் கிளிப்பைக் கழற்றி மறுபடி குத்தினேன்.

"நாளைக்கு ஒருக்கா ஆறுதலா இருந்து பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர் சொன்னார்: "உப்புவெளி அண்ணைக்கு இனி என்னெண்டு இவரைச் சொல்றது? மூண்டு அறை, மண்டபம், குசினி, எல்லாம் இவரிட்டத்தான் குடுக்கச் சொன்னனான்." உப்புவெளி அண்ணை அவரோடு வேலை செய்கிறவர், புது வீடு கட்டுகிறார். எங்கள் வேலை முடிந்ததும் நானா அங்கே போவதாகப் பேச்சு. நானா அதை எனக்கே இரண்டு தடவை சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை என்று.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும்தான் நடந்துகொண்டிருந்தோம். பிள்ளை அவருடைய தோளில். சொல்ல வாய் எடுத்தேன். படித்த பெண் கண்ணூறுக்குக் கல்லைத் திருப்பச் சொன்னாள் என்பதை அவர் எப்படி எடுப்பார் என்று யோசித்தேன். மாமி சொல்லித்தான் என்றால் மாமியைக் காட்டிக் கொடுத்ததாகும். அந்த ஒரு கல்தான் காரணமா என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டாமா என்றும் யோசித்தேன். இப்படி ஒவ்வொன்றும் நியாயம் போலத் தெரிய, மறுநாள் வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. அன்று நானா ஜும்மாத் தொழுகைக்குப் பதினொன்றரைக்கே போனவர், பின்னேரம் திரும்பி வந்து குழியைத் தொடாமல், முன்பே ஒட்டிய கல்லின் இடைகளுக்கு வெள்ளைச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தாராம். மாமி பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

சனிக்கிழமை காலை நானும் கணவரும் நானாவும் விறாந்தையில் நின்றோம். கணவர் மறுபடி தொடங்க முன் நான் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, நானாவில பிழை இல்லை. நான்தான் ஒரு கல்லைத் திருப்பி வைக்கச் சொன்னனான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அடுத்த நாள். தூணடிக் கல்லு. ஒண்டு திரும்பினா அதுக்குப் பிறகு வாற எல்லாம் மாறும். அதுதான் இஞ்ச வந்து முட்டி நிக்குது."

கணவர் என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அதற்கு முன் நானா பேசினார்.

"நான் திருப்பல்ல தங்கச்சி."

"என்ன?"

"நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டினன். தலையாட்டினாப்போல கல்லு திரும்பிருமா? காச்சல்காரப் புள்ளய வூட்டுல வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்க, இல்லயெண்டு சொல்ல மனசு வரல்ல. நீங்க போன பொறகு கல்லக் கையில எடுத்தன். செவப்புக்கு நீலத்த வெக்கக் கை வரல்ல. நீங்க பூசின நெறம் அது."

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நானா மேசன் கரண்டியை எடுத்துக்கொண்டு தூணடிக்குப் போனார். செய்த வேலை கெட்டுப்போகுமே என்று பார்க்காமல், நன்றாக ஒட்டியிருந்த அந்தக் கல்லை மெதுவாக நெம்பினார். ஒரு மூலை உடைந்தது. கல்லைத் திருப்பி என் கையில் தந்தார். விளிம்பில் சிவப்பு. அந்தக் கல் இருந்த இடத்தில் குனிந்து பக்கத்துக் கல்லின் விளிம்பைப் பார்த்தேன். சிவப்பு. மற்றப் பக்கம் நீலம், அங்கேயும் நீலம். நான் போட்ட அம்புகள், எல்லாம் சொன்ன திசையில்.

அப்படியென்றால் அந்தக் குழி எங்கிருந்து வந்தது?

"அப்ப ஏன் நானா அண்டைக்கு அவர் பேசேக்க என்னைப் பாத்திட்டுப் பேசாம நிண்டனீங்கள்? நான் கேட்டதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானே தம்பிக்குச் சொல்ல வேணாமெண்டீங்க."

அவ்வளவுதான் சொன்னார். கையிலிருந்த கல்லைத் தூணடியில் வைத்தேன்.

கணவர் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "நான் நேத்தே அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"இவர் வேண்டாமெண்டு."

போனை எடுத்து அந்த இடத்திலேயே அழைத்தார். எங்களுக்கும் கேட்கிற மாதிரிப் போட்டார். "அண்ணை, நான் சொன்னது பிழை. மேசனில ஒரு பிழையும் இல்லை" என்றார். மறுபக்கம் கல் வெட்டுகிற கிறைண்டர் சத்தம் கேட்டது.

"ஐயோ தம்பி, கிண்ணியாவில இருந்து ரெண்டு பேர் காலமை வந்து நூல் கட்டி, முதல் அறையைத் தொடங்கிட்டினம். இனி அவையை எழுப்பி அனுப்ப ஏலுமா, நீயே சொல்லு."

நானா கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, வுடுங்க. அவங்களும் புள்ள குட்டிக்காரன்தானே" என்றார். பிறகு குந்திக்கொண்டு, உடைந்த மூலையை எடுத்துத் தூசி தட்டினார்.

வியாழக்கிழமை நான் வாய் திறந்திருந்தால் வெள்ளிக்கிழமை அந்த அழைப்பு போயிருக்காது. குழிக்குக் காரணம் தூணடிக் கல் அல்ல என்று பிறகு தெரிய வந்திருந்தாலும், அவருடைய வேலை அவரிடம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசித்தேன். முன்பு நான் பார்த்த பக்கத்திலேயே, நான் வாசிக்காமல் விட்ட கீழ்ப்பகுதியில் அது இருந்தது. நிறம் பொருந்த வேண்டும் என்ற விதி பிழையான கோலம் வராமல் தடுக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லையும் விதிப்படி வைத்துக்கொண்டு போனாலும், எங்கேயோ ஒரு இடத்தில் எதுவும் பொருந்தாமல் முட்டி நிற்கலாம். ஏனென்றால் சில இடங்களில் இரண்டு கல்லுமே விதிக்குச் சரிதான். எதை வைப்பது என்பதைப் பக்கத்துக் கல் சொல்லாது. தூரத்தில் இருக்கிற ஒழுங்குதான் சொல்லும். முப்பது கல்லுக்கு முன் நானா எடுத்த கல் பிழையில்லை. எடுக்காமல் விட்டதும் பிழையில்லை. கையில் இருந்த விதி அதற்குப் போதாது. அந்த விதியைக் கொடுத்தவள் நான். கணக்குப் படித்த ஆள் போட்ட ஒழுங்கு.

இன்னும் ஒன்றும் அங்கே இருந்தது. அந்தப் புதுவிதப் பளிங்கை ஏற்றுக்கொள்ளப் பலர் தயங்கியதற்கும் இதுவே ஒரு காரணம். ஓர் அணுவுக்குப் பக்கத்து அணுவைத்தானே தெரியும்? முழுத் தரையையும் பார்க்காமல், முட்டி நிற்காமல், அவை எப்படி வளர்கின்றன? அதற்குப் பல விளக்கம் இருந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றாவது எனக்கு முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

திங்கள் லீவு போட்டுவிட்டுப் போய் நானாவிடமும் கணவரிடமும் இதைச் சொன்னேன். கணவர் குழிக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தார். பிறகு, "நானா, நான் அண்டைக்குக் கதைச்சது கூடிப்போச்சு" என்றார்.

"கூடத்தான்" என்றார் நானா. சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு, "சரி, எத்தினயக் கழட்ட?" என்று கேட்டார்.

இந்த முறை நான் முழுப் படத்தையும் அளவுக்குக் கீறினேன்; அறுபத்து மூன்று கல்லைக் கழற்றி, வெளித்தெரிந்த சீமெந்தில் சோக்கால் கோடு இழுத்தேன். நானா வைக்க, நான் படத்தைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளை சோக்கைத் தின்னாமல் பார்ப்பது மாமியின் வேலை. அணுக்கள் மட்டும் எப்படி முட்டாமல் வளர்கின்றன என்று நான் கேட்டபோது நானா றப்பர் சுத்தியலால் ஒரு கல்லைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"அதுகளும் நம்மளப் போலத்தான் இரிக்கும். பிழைக்கப் பிழைக்கக் கழட்டித் திரும்ப வெக்கும். அதுகளுக்கு ஆரும் ஏசுறதில்ல, அவ்வளவுதான்."

நான் வாசித்த விளக்கங்களில் ஒன்று கிட்டத்தட்ட இதுதான். சூட்டில் அணுக்கள் உட்கார்ந்து, எழும்பி, வேறு இடம் பார்த்து மறுபடி உட்காரும் என்று எழுதியிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் அடுத்த கல்லை எடுத்தார்.

சில வருடங்களுக்கு முன் ஒரே ஒரு வடிவத்தாலும் இப்படித் திரும்ப வராத தரையைச் செய்யலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், கண்டுபிடித்தவர் கணக்கு வாத்தியார் அல்ல, வேலையிலிருந்து ஓய்வெடுத்த ஒருவர், மட்டையை வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தவர் என்றும் சொன்னேன்.

"பாத்தீங்களா? பேப்பர்ல கீறல்ல, வெட்டிப் பாத்திரிக்கார்" என்றார் நானா. அந்த நாலு நாளில் அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் விட்டது.

தூணடிக் கல்லை மாற்ற வேண்டியிருந்தது. மூலை உடைந்தது அல்லவா. வேறு கல்லை எடுத்தார். "இப்ப திருப்பட்டுமா தங்கச்சி? முழுப் படம்தான் இரிக்கே, இனி முட்டாது" என்று கேட்டார். பகிடியா உண்மையா என்று தெரியவில்லை.

"வேண்டாம் நானா. அந்த உடைஞ்ச கல்லையே வையுங்கோ."

மூலை உடைந்த கல்தான் இன்றைக்கும் தூணடியில் இருக்கிறது. குறை இருக்க வேண்டும் என்று மாமி சொன்னதற்காக அல்ல. அந்த மூலை எதற்காக உடைந்தது என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

குடிபூரலுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். கோலம் எங்கே திரும்ப வருகிறது என்று தேடினார்கள். "எங்கயோ பிழைச்சிருக்கு போல" என்று ஒருவர் சொன்னார். மாமி பால் பொங்கிய பானையோடு நின்றபடியே, "இதுக்கு ஒரு நாவூறும் படாது. பாக்கிறவைக்குத்தான் தலை சுத்தும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உப்புவெளி அண்ணையும் வந்திருந்தார். அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கதவடிக்குக் கூட்டிப் போய், குழி இருந்த இடத்தைக் காட்டி, பிழை விட்டது நான் என்று சொன்னேன். அவர் நெளிந்தார். "சரி பிள்ளை, விடு பிள்ளை" என்றார். அவருடைய வீட்டில் அப்போது இரண்டாவது அறை நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யார் வந்து தரையைப் பார்த்தாலும், அவர்கள் வாய் திறக்க முன், "வேலை மூதூர் நானா. அவர் ஒரு கல்லும் பிழையா வைக்கேல்ல" என்று சொல்லப் பழகிவிட்டேன். கணவருக்கு இது கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் நான் சொல்ல மறந்த அன்று அவரே சொன்னார். வந்தவர்களுக்கு நானாவின் இலக்கத்தையும் கொடுப்பேன். யாராவது அழைத்தார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் இருக்கும்போது நானாவின் அழைப்பு வந்தது. பின்னால் காற்றுச் சத்தம்.

"தங்கச்சி, கட்டைபறிச்சான்ல நிக்கிறன். இங்க ஒரு டீச்சர்ட வீடு. உங்கட தரையப் பாத்தவவாம். அது மாதிரியே முன் மண்டபத்துக்கு வேணுமெண்டு ஒத்தக் காலில நிக்கிறா. அளவு அனுப்புறன், கீறித் தாறீங்களா?"

"தாறன் நானா. இண்டைக்கே தாறன்."

"முழுப் படமா அனுப்புங்க, என்ன? செவப்புக்குச் செவப்பெண்டு மட்டும் சொல்லி வுட்டுராதீங்க."